சூடேறி நின்ற இன்ஜின்: ஹெட் வேலை போதுமா, இன்ஜினையே மாற்றணுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஓட்டிக்கொண்டிருக்கும்போது டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. கொஞ்ச தூரம்தானே என்று ஓட்டியதில் வண்டி தானாக நின்றுவிட்டது. ஒரு மெக்கானிக் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) மாற்றினால் போதும் என்கிறார், இன்னொருவர் வேறு இன்ஜின் போடச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

எந்தச் சோதனையும் செய்யாமல் சொல்லியிருந்தால் இப்போதைக்கு இருவர் பேச்சையும் ஓரமாக வையுங்கள். ஓவர்ஹீட் என்றதும் எல்லோருடைய கண்ணும் ஹெட் மேல்தான் போகும். ஆனால் ஹெட் எவ்வளவு கெட்டிருந்தாலும் அது கழற்றி மாட்டுகிற பாகம். ஃபேஸிங் போடலாம் (அடிமுகத்தைச் சீவிச் சமமாக்கலாம்), முடியாவிட்டால் வேறு ஹெட் வாங்கலாம். இன்ஜினை மாற்றுவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது ஹெட்டுக்குக் கீழே இருப்பவை: பிஸ்டன், அதைச் சுற்றியிருக்கும் ரிங், சிலிண்டர் போர் (பிஸ்டன் ஏறி இறங்கும் துளை), கிராங்க் பேரிங் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டைத் தாங்குவது), பிளாக். அதனால் கீழ்ப்பகுதியின் நிலையை முடிந்தவரை செலவில்லாமல் தெரிந்துகொள்வதுதான் முதல் வேலை.

அதற்கு உங்களிடமே இரண்டு தகவல்கள் இருக்கின்றன. சூடேறியபோது உள்ளே கூலன்ட் இருந்ததா? இன்ஜினை நீங்கள் நிறுத்தினீர்களா, அதுவாக நின்றதா?

பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், சுமார் 1 பார் அழுத்தம் தாங்கும் மூடியின் கீழ் 129 டிகிரி செல்சியஸ் வாக்கில்தான் கொதிக்கும். ஆகவே முள் சிவப்புக்குப் போனதுமே ஓரங்கட்டி அணைத்த வண்டியில், கூலன்ட் உள்ளேயே இருந்திருந்தால், பெரும்பாலும் கீழ்ப்பகுதிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஹெட்டும்கூடத் தப்பியிருக்கலாம். குழாய் வெடித்தோ பம்ப் ஒழுகியோ கூலன்ட் முழுக்க வெளியே போன பிறகு ஓடிய இன்ஜினின் கதை வேறு. அங்கே சென்சார் திரவத்தில் மூழ்கியிருக்காது, ஆவியிலோ காற்றிலோ நிற்கும். முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், சில வண்டிகளில் கீழேகூட இறங்கும். "முள் இறங்கிடுச்சு, அதான் ஓட்டினேன்" என்று வருகிற வண்டிகள்தான் அதிகம் கெட்டுப்போய் வருகின்றன. தானாக நின்றதற்குப் பிஸ்டன் விரிந்து போரைப் பிடித்தது காரணமாக இருக்கலாம், கேஸ்கெட் போய்க் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) விழுந்தது காரணமாக இருக்கலாம், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு பாதுகாப்புக்காக நிறுத்தியதாகவும் இருக்கலாம். முதல் காரணம்தான் பயப்பட வேண்டியது. ஸ்கேனர் போட்டுப் பதிவைப் பாருங்கள். பி0217 போன்ற ஓவர்ஹீட் கோட் இருந்து, அதோடு ஃப்ரீஸ் ஃப்ரேம் (கோளாறு வந்த கணத்தின் பதிவு) விவரமும் பதிவாகியிருந்தால், அந்த நேரத்து வெப்பமும் வேகமும் அதில் கிடைக்கும்.

ஹெட் ஏன் வளைகிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அரை மீட்டர் நீளமுள்ள அலுமினிய ஹெட், தடையில்லாமல் இருந்தால், 100 டிகிரி கூடும்போது சுமார் 1.1 மி.மீ. நீளும். அதே நீள இரும்பு பிளாக் அதில் பாதிதான் நீளும். போல்ட்கள் ஹெட்டை நீள விடுவதில்லை. போக வழியில்லாத உலோகம் நடுவில் புடைக்கிறது, கேஸ்கெட்டை நசுக்குகிறது, ஆறிய பிறகும் அந்த வளைவு அப்படியே தங்கிவிடுகிறது. சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் இதோடு வெடிப்பும் சேரும். மூடியைத் திறப்பதற்கு முன் இன்ஜின் நன்றாக ஆறட்டும். கையில் தொட்டால் சுடாத நிலைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் ஆகலாம்.

ஆறியதும் பலரும் செய்கிற தவறு, "ஸ்டார்ட் ஆகுதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்புவது. சிலிண்டருக்குள் கூலன்ட் தேங்கியிருந்தால் பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும். நீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். கேஸ்கெட்டோடு முடிந்திருக்க வேண்டிய வேலை ஒரே நொடியில் இன்ஜின் வேலையாகிவிடும். முதலில் எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும், டீசலானால் குளோ பிளக்குகளையோ இன்ஜெக்டர்களையோ, கழற்றுங்கள். கிராங்க் புல்லி போல்ட்டில் சாக்கெட் போட்டு, இன்ஜின் சுற்றும் திசையிலேயே கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். சீராகச் சுற்றினால் நல்ல செய்தி. ஒரே இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் இறுகினால் போரில் கீறல் இருக்கலாம், அல்லது ஹெட் வளைந்து கேம்ஷாஃப்டை (வால்வ்களைத் திறக்கும் தண்டு) பிடித்திருக்கலாம். சுற்றவே இல்லையென்றால் நீளக் குழாய் போட்டு முறுக்காதீர்கள். சிலிண்டர்களில் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட்டு மறுபடி பாருங்கள். அப்படி விடுபட்டாலும் இன்ஜின் பிழைத்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பிடித்து விட்ட பிஸ்டன் போரில் தடயம் வைக்காமல் போவது அபூர்வம். கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் வைத்துப் பாருங்கள். மற்றவை பழுப்பாக இருக்க, ஒன்று மட்டும் கழுவி எடுத்ததுபோல் இருந்தால் அந்தச் சிலிண்டரில் கூலன்ட் போயிருக்கிறது.

அடுத்து ஆயில். டிப்ஸ்டிக்கைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். வண்டியை ஒரு ராத்திரி அசையாமல் விட்டு, சம்ப் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். கூலன்ட் ஆயிலைவிடக் கனம், அடியில் இறங்கியிருக்கும். முதலில் நீர் சொட்டிவிட்டுப் பிறகு ஆயில் வந்தால் உள்ளே கலந்திருப்பது உறுதி. ஆயில் மொத்தமும் பால் காப்பி நிறத்தில் இருந்தாலும் அப்படியே. ஆயில் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் வெண்ணெய்போல் லேசாகப் படிந்திருப்பதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில், குளிர் காலத்தில், ஈரம் சேர்ந்து அப்படி ஆவது வழக்கம்.

ஆயில் ஃபில்டரைத் தூக்கிப் போடாமல் தகரத்தை வெட்டித் திறக்கச் சொல்லுங்கள். இரும்பறுக்கும் வாளால் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து குழப்பும், வெட்டும் கருவி வேண்டும். உள்ளிருக்கும் மடிப்புத் தாளை நறுக்கி, ஆயிலைப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பாருங்கள். தூசிபோல் அங்கங்கே மின்னுவது ஓடிய இன்ஜினில் சகஜம். வெள்ளையாக, காந்தத்தில் ஒட்டாத செதில்கள் பிஸ்டனிலிருந்தோ பேரிங்கிலிருந்தோ வந்த அலுமினியம். செம்பு நிறம் தெரிந்தால் பேரிங்கின் மேல் பூச்சு தேய்ந்து அடிப்படலம் வெளியே வந்துவிட்டது. காந்தத்தில் ஒட்டுவது ரிங், போர், கிராங்க், கேம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று. செம்பு நிறத்தையோ கைநிறையச் செதிலையோ பார்த்த பிறகு ஹெட் வேலைக்குப் பணம் கொடுப்பது வீண். காரணம் எளிது: அளவுக்கு மீறிய சூட்டில் ஆயில் நீர்த்துப் படலம் உடைகிறது, பேரிங்கில் உலோகம் உலோகத்தோடு உராய்கிறது. கூலன்டில் இருக்கும் கிளைகால் ஆயிலில் கலந்தாலும் பேரிங் பூச்சை அரிக்கும். அதனால் கலந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டிப் பார்க்கவே கூடாது.

இதுவரை தாண்டிவிட்டால் அளவு காட்டும் சோதனைகள். கூலிங் சிஸ்டத்தில் தண்ணீர் நிரப்பி, கைப் பம்பால் ரேடியேட்டர் மூடியில் போட்டிருக்கும் அழுத்தம்வரை ஏற்றி 15-20 நிமிடம் விடுங்கள். முள் இறங்குகிறது, வெளியே ஒழுகல் இல்லை என்றால் சிலிண்டருக்குள்ளோ ஆயிலுக்குள்ளோ போகிறது. பிறகு கம்ப்ரஷன் டெஸ்ட். பெட்ரோல் இன்ஜின்களில் பொதுவாக 150 முதல் 200 பிஎஸ்ஐ வரும், டீசலில் 350-க்கு மேல் போகும். உங்கள் இன்ஜினுக்கான அளவு அதன் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். எண்ணைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசமே முக்கியம். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் மட்டும் குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கிறது, இது நல்ல அறிகுறி. எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து குறைந்திருந்தால் முதலில் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்று பாருங்கள். அது சரியாக இருந்தால் ரிங் மேல் சந்தேகம். பெட்ரோல் இன்ஜினில் குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி அளந்து, அளவு சட்டென்று ஏறினால் ரிங் அல்லது போர். ஏறவில்லை என்றால் வால்வ் அல்லது கேஸ்கெட்.

ஒரே ஒரு சோதனைக்குத்தான் காசு என்றால் லீக்-டவுன் டெஸ்டைக் கேளுங்கள். பிஸ்டனை மேலே நிறுத்தி, வால்வ்கள் மூடிய நிலையில் காற்றை ஏற்றி எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது இது. 10 சதவீதத்துக்குள் இருந்தால் நலம். 20 வரை ஓடிய இன்ஜினுக்குப் பொறுத்துக்கொள்ளலாம். 30-ஐத் தாண்டினால் பிரச்சினை உறுதி. காற்று எங்கே போகிறது என்பதைக் காதே சொல்லிவிடும். இன்டேக் பக்கம் சீறினால் இன்லெட் வால்வ். சைலன்ஸரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது வெடிப்பு. ஆயில் மூடியைத் திறந்து காது வைத்தால் சீறல் கேட்கிறதா, அது ரிங்கும் போரும். முதல் மூன்றும் மேலே தீர்கிற விஷயம், கடைசி ஒன்று கீழ்ப்பகுதி. பிளக் துளை வழியே போரோஸ்கோப் என்ற சின்னக் கேமராவை விட்டுப் போர்ச் சுவரைப் பார்ப்பதும் இதோடு சேர வேண்டும். குறுக்கும் நெடுக்குமான ஹோனிங் கோடுகள் (போரைத் தேய்த்துச் சீராக்கியபோது விழுந்த நுண்கோடுகள்) தெரிந்தால் நிம்மதி. மேலிருந்து கீழாகப் பட்டையாகக் கோடுகள் ஓடினால் பிஸ்டன் பிடித்திருக்கிறது.

இன்ஜின் ஓடுகிற நிலையில் இருந்தால் மட்டும், ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீலத் திரவச் சோதனையும் உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் இன்ஜினில் அது மஞ்சளாகும். நிறம் மாறவில்லை என்பதற்காகக் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. லோடு ஏறினால் மட்டும் கசிகிற கேஸ்கெட் இதில் சிக்காது.

கீழ்ப்பகுதி தேறினால் ஹெட்டைக் கழற்றச் சொல்லலாம். அதற்கு முன்பே மெக்கானிக்கிடம் ஒன்றைப் பேசிக்கொள்ளுங்கள்: ஹெட் கழன்றதும் வேலை நிற்க வேண்டும், உங்களைக் கூப்பிட வேண்டும், லேத் பட்டறை அறிக்கை வந்த பிறகுதான் பாகங்கள் வாங்க வேண்டும். கழற்றுகிற கூலி எப்படியும் போகும். அதற்கு மேல் போகிற ஒவ்வொரு காசும் உங்கள் சம்மதத்தோடு போகட்டும்.

ஹெட்டின் முகத்தைச் சுத்தம் செய்து, ஸ்டிரெய்ட் எட்ஜை (வளையாத நேர்ச்சட்டம்) நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா பார்ப்பார்கள். பல இன்ஜின்களில் அனுமதி 0.05 மி.மீ.தான், சிலவற்றில் 0.10 வரை. அதற்கு மேல் என்றால் ஃபேஸிங். ஆனால் ஹெட்டுக்குக் குறைந்தபட்ச உயரம் ஒன்று உண்டு, அதற்குக் கீழே சீவக் கூடாது. சீவினால் கம்ப்ரஷன் ஏறும், கேம் டைமிங் நகரும், டீசலில் வால்வ் பிஸ்டனைத் தொடுகிற அபாயமும் வரும். பலரும் கோட்டைவிடுவது கேம்ஷாஃப்ட் உட்காரும் இடத்தை. ஹெட் வளைந்தால் அடிமுகம் மட்டும் வளையாது, மேலே கேம் துளை வரிசையும் சேர்ந்தே வளையும். அடிமுகத்தை மட்டும் சீவிச் சமமாக்கினால் கேம் வளைந்த பாதையிலேயே உட்கார்ந்து இறுகும், பிறகு ஒருநாள் உடையும். வெறும் ஹெட்டில் கேமை மட்டும் வைத்து கேப்களை முறைப்படி முறுக்கிக் கையால் சுற்றினால் தெரிந்துவிடும். இறுகினால் ஹெட்டைச் சூடாக்கி நிமிர்த்த வேண்டும், அல்லது வேறு ஹெட்.

வெடிப்பு பெரும்பாலும் இரண்டு வால்வ் சீட்களுக்கு நடுவிலும் பிளக் அல்லது இன்ஜெக்டர் துளை ஓரத்திலும் வரும். துளைகளை அடைத்து, காற்றேற்றி, வெந்நீரில் முக்கிப் பார்ப்பதுதான் நம்பகமான சோதனை. சூட்டில் மட்டும் விரிகிற வெடிப்பு குளிர்ந்த ஹெட்டில் மறைந்துகொள்ளும். கூலன்ட் இல்லாமல் ஓடிய ஹெட்டில் உலோகத்தின் கடினத்தன்மையே போயிருக்கலாம். ஹார்ட்னெஸ் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். மெத்துப்போன ஹெட்டை எவ்வளவு அழகாகச் சீவி மாட்டினாலும் போல்ட்டின் இறுக்கத்தில் மறுபடி அமுங்கும், கேஸ்கெட் திரும்பப் போகும். வால்வ் சீட் தளர்ந்திருக்கிறதா, கைடு சரியாக இருக்கிறதா என்பதும் இங்கேயே. வால்வ் சீல்கள் சூட்டில் கெட்டிப்பட்டிருக்கும், கேள்வியில்லாமல் மாற்றிவிடுங்கள்.

ஹெட் பட்டறைக்குப் போயிருக்கும்போது பிளாக்கின் முகத்தையும் அதே ஸ்டிரெய்ட் எட்ஜில் பாருங்கள். பிளாக் வளைந்திருந்தால் இன்ஜின் முழுக்க இறங்க வேண்டும், கணக்கே மாறிவிடும். போரில் நகத்தை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் கோடு நகத்தில் மாட்டவில்லை என்றால் பிழைக்கலாம். மாட்டினால் ஹோனிங்கில் போகாது, ஓவர்சைஸ் பிஸ்டனோ ஸ்லீவோ (போருக்குள் இறக்கும் புது உறை) தான். அலுமினிய பிளாக்கில் ஹெட் போல்ட் மரைகளையும் பாருங்கள். போல்ட்டோடு அலுமினியச் சுருள் வந்திருந்தால் இன்ஸெர்ட் (புது மரைக்கான உட்செருகு) போடாமல் மூடக் கூடாது.

ரிங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஹெட் வேலை முடித்தவர்கள் ஏமாறுவது இதில்தான். அதிகச் சூட்டில் ரிங் தன் விறைப்பை இழக்கும், பள்ளத்தில் ஆயில் கரியாகிச் சிக்கிக்கொள்ளும். கம்ப்ரஷன் சுமாராகவே காட்டும், வண்டியும் நன்றாக ஓடும், ஆனால் ஆயில் குடிக்கும். பிஸ்டன் வெளியே வந்தால்தான் இது தெளிவாகும். விறைப்பு போன ரிங்கை வெளியே எடுத்தால், புது ரிங்கைவிட அதன் வாய் குறுகலாக இருக்கும். பிஸ்டனைக் கழற்றாமல் இதைக் கணிக்க வழி, ஓவர்ஹீட்டின் கடுமைதான். கூலன்ட் இல்லாமல் ஓடி, தானாக நின்ற இன்ஜினுக்கு ஹெட் வேலை மட்டும் செய்வது சூதாட்டம். சம்ப்பைக் கழற்றி ஒரு பிஸ்டனையும் ஒரு ஜோடி பேரிங்கையும் எடுத்துப் பார்க்கச் சொல்வது அங்கே நியாயமான செலவு.

இனி பணக் கணக்கு. வண்டியின் விலையில் பாதிக்கு மேல் செலவானால் வேண்டாம் என்று ஒரு பேச்சு வழக்கில் உண்டு. அது பாதி சரி. இப்போது இருக்கும் நிலையிலேயே விற்றால் என்ன கிடைக்கும், நன்றாக ஓடும் நிலையில் என்ன பெறும், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். அந்த வித்தியாசத்துக்குள் வேலை முடிந்தால் யோசிக்காமல் செய்யலாம். தாண்டினால், இன்னும் எத்தனை வருடம் வைத்திருப்பீர்கள், பாடி, கியர்பாக்ஸ் எல்லாம் எப்படி இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. ஹெட் வேலைக்கு மதிப்பீடு வாங்கும்போது கேஸ்கெட் செட், புதிய ஹெட் போல்ட், பட்டறைக் கூலி, டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ், ரேடியேட்டர் மூடி, கூலன்ட், இரண்டு முறை ஆயிலும் ஃபில்டரும் எல்லாம் அதில் இருக்கிறதா பாருங்கள். கேஸ்கெட்டும் கூலியும் மட்டும் எழுதிய சீட்டு பிறகு இரட்டிப்பாகும். ஹெட்டும் வேண்டும், பிஸ்டனும் வேண்டும், கிராங்க் கிரைண்டிங்கும் வேண்டும் என்று வந்துவிட்டால், சாதாரண குடும்ப வண்டிக்கு இன்ஜின் மாற்றுவதே பெரும்பாலும் மலிவு.

மாற்றுவதென்றால் பழைய இன்ஜின், ரீகண்டிஷன் செய்த இன்ஜின், புதிய இன்ஜின் என்று மூன்று வழி. கீழே கெட்டு ஹெட் நன்றாக இருந்தால் ஷார்ட் பிளாக் (ஹெட் இல்லாத கீழ்ப்பகுதி) மட்டும் வாங்கலாம், ஆனால் ஓவர்ஹீட்டில் இந்த நிலை அரிது. பழைய இன்ஜின் வாங்குகிறவர்கள் மேலே சொன்ன சோதனைகளை அந்த இன்ஜினிலும் செய்ய வேண்டும். உங்களிடம் இருப்பதைப் போலவே சூடேறித் தூக்கிப் போட்டதாக அது இருக்கக் கூடாதல்லவா. கம்ப்ரஷன் அளவு, போரோஸ்கோப் படம், எழுத்தில் உத்தரவாதம், இந்த மூன்றும் இல்லாமல் முன்பணம் வேண்டாம். ரீகண்டிஷன் இன்ஜினில் சிறு வட்டமாக ஒரு ஹீட் டேப் (அதிகச் சூடு ஏறியதைக் காட்டிக்கொடுக்கும் வில்லை) ஒட்டியிருப்பார்கள். சுமார் 121-124 டிகிரியில் அதன் நடுப்பகுதி உருகிவிடும். உருகியிருந்தால் உத்தரவாதம் செல்லாது, அதனால் மாட்டும்போதே முழுதாக இருக்கிறதா என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்ஜின் கோட், சென்சார் கனெக்டர்கள், மவுன்ட் இடங்கள் ஒத்துப்போக வேண்டும். பதிவுச் சான்றில் இன்ஜின் எண் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும். இன்ஜின் வெளியே இருக்கும்போதே பின்பக்க ஆயில் சீல், டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தேய்ந்திருந்தால் கிளட்ச் எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள். உள்ளே போன பிறகு அதே வேலைக்கு இரட்டைக் கூலி.

எந்த வழியானாலும் முதல் ஓவர்ஹீட்டுக்கான காரணம் கண்டுபிடிக்கப்பட வேண்டும். அடைத்த ரேடியேட்டர், வேலை செய்யாத ஃபேன் ரிலே, திறக்காத தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் அச்சில் வழுக்கும் பிளாஸ்டிக் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழலி), அழுத்தம் பிடிக்காத மூடி, இவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் குற்றவாளி. ஆயில் புகுந்த ரேடியேட்டரைக் கழுவிப் போடுவதைவிட மாற்றுவதே மேல். கசிவை அடைக்கும் திரவத்தை ஊற்றச் சொல்வார்கள். ஹீட்டரின் நுண்குழாய்களும் ரேடியேட்டரின் நுண்குழாய்களும் சேர்ந்தே அடைபடும், வளைந்த ஹெட் நிமிராது.

மூடும்போது இரண்டு இடத்தில் கண் வையுங்கள். பிளாக்கின் முகத்தைச் சுழலும் சொரசொரப்பு டிஸ்க்கால் தேய்க்க விடாதீர்கள். அதிலிருந்து உதிரும் தூள் ஆயில் வழியில் போய்ப் பேரிங்கைத் தின்னும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரும் கரைப்பானும் போதும். இரண்டாவது, அடி மூடிய போல்ட் துளைகளில் ஆயிலோ கூலன்டோ தேங்கியிருந்தால் போல்ட் இறங்கும்போது அழுத்தம் கூடிப் பிளாக்கே விரிசல் விடலாம். ஊதிக் காய வைத்த பிறகே போல்ட். நீண்டு இறுகும் வகைப் போல்ட்டுகள் ஒருமுறைக்கே, பழையதைத் திரும்பப் போடக் கூடாது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, புத்தகத்தில் உள்ள வரிசையில், முதலில் டார்க் (முறுக்கு விசை) அளவும் பிறகு கோணமும்.

கூலன்ட் ஊற்றிக் காற்றை முழுக்க வெளியேற்றியதும், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை ஐடிலில் விடுங்கள். ஆயிலில் நீர் கலந்திருந்த இன்ஜினில் முதலில் ஊற்றிய ஆயில் கழுவுவதற்கு மட்டும், சூடானதும் அதை வடித்து ஃபில்டரோடு மாற்ற வேண்டும். அடுத்த சில நாள் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு, ரேடியேட்டரின் மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் அது மெத்தென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே, கூலன்ட் சூடாகும் முன்பே, அது கல்லாக விறைத்தால் எரிந்த வாயு கூலன்டுக்குள் போகிறது. உத்தரவாதம் இருக்கும்போதே வண்டியைத் திரும்பக் கொண்டுபோய் விடுங்கள்.